1972 டற்சன் 240இசட்: நெவாடா றேஸுக்கு முதலில் எதில் காசு போடுவது?

கோண்டாவில்_கேம்பிறிஜ்

வணக்கம். கலிபோர்னியாவில் இருக்கிற மச்சானிடம் 1972ஆம் ஆண்டு டற்சன் 240இசட் ஒன்று இருக்கிறது. எஞ்சின் கம்பனியில் வந்தபடியே, இரண்டு காபரேற்றர், நாலு கியர். வருகிற செப்டெம்பர் நெவாடாவில் நடக்கும் சில்வர் ஸ்ரேற் கிளாசிக்கில் ஓடப் போகிறானாம். 318ஆம் இலக்க றோட்டை அன்றைக்குப் பூட்டிவிட்டு லண்டிலிருந்து ஹைக்கோ வரைக்கும் 90 மைல் விடுவார்கள். இவன் பதிந்தது மணிக்குச் சராசரி 110 மைல் வகுப்பு. பக்கத்து சீற்றில் இருந்து நேரம் பார்க்க என்னை வரச் சொல்கிறான். விசா கிடைத்தால் போவேன்.

கையில் நாலாயிரம் டொலர் வைத்திருக்கிறான். மூன்று வெபர் காபரேற்றர் பூட்ட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஐயாவின் ஒஸ்ரின் கேம்பிறிஜ்தான். பெற்றோல் வராத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடின கார் அது; அதன் காபரேற்றரைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுவேன். ஆனால் 60 மைல் தாண்டினதே இல்லை. இந்த வேகத்துக்கு என்ன பார்க்க வேண்டும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுன்னாகம்_ஸ்பானர்

தம்பி, நான் ரொறொன்ரோவில் பழைய ஜப்பான் கார் திருத்தும் கராஜில் கனகாலம் நின்றவன். இசட் கார் நிறையக் கைபட்டிருக்கிறது. மச்சானிடம் சொல்லுங்கள், வெபரை மறக்கட்டும். அந்த ஓட்டத்தில் முதலில் வருகிறவன் வெல்வதில்லை. குறித்த நேரத்துக்கு யார் கிட்ட வருகிறான் என்பதுதான் கணக்கு. 90 மைலை 110இல் ஓடினால் 49 நிமிடம் 5 விநாடி சொச்சம். அந்த வேகத்தை 2.4 லீற்றர் எஞ்சின் இருக்கிறபடியே எட்டும். எட்டின பிறகு ஐம்பது நிமிடம் அதிலேயே நிற்க வேண்டும். நாலாம் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுற்றுக்கு மேலே கத்திக்கொண்டே போகும். மிச்சக் காசு இருந்தால் பிறகு வந்த 280இசட்எக்ஸ் காரின் ஐந்து கியர் பெட்டி தேடட்டும். சுற்று 4000க்குக் கிட்ட இறங்கும், எஞ்சின் மூச்சு விடும்.

அதற்கு முதல் றப்பர். பழைய காரில் முதலில் செத்துப்போவது இரும்பில்லை, றப்பர்.

ரயரில் தொடங்குங்கள். இந்தக் கார் அந்தக் காலத்தில் 175எஸ்ஆர்14 ரயரோடு வந்தது. எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீற்றர் வரைதான். 110 மைல் 177 கிலோமீற்றர்! விளிம்பிலே நின்று ஓடுகிற மாதிரி. வி எழுத்து ரயர், அதாவது 240 கிலோமீற்றர் வரை தாங்குவது, இல்லாமல் அந்தக் காரில் நான் ஏறமாட்டேன். பூ தேயாமல் இருக்கிறது என்று மச்சான் சொல்வான், நம்பாதீர்கள். ரயரின் பக்கச் சுவரில் டொட் (DOT) என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசியில் நாலு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014ஆம் ஆண்டு 23ஆம் கிழமை செய்தது. பத்து வருடம் கராஜுக்குள் நின்ற ரயர் பார்க்க வடிவாக இருக்கும், சூடேறினால் பூ பாளமாகக் கழன்று போகும்.

பிறகு பெற்றோல் குழாய்கள். அங்கே பெற்றோலில் எதனோல் கலந்து வருகிறது, பழைய றப்பருக்கு அது ஒத்துவராது. ஹோஸை விரலால் மடித்துப் பாருங்கள், மேல்தோலில் மயிரிழை வெடிப்புத் தெரிந்தால் முழுவதையும் மாற்றுங்கள். காபரேற்றருக்குக் கீழேதான் எக்ஸோஸ்ற் இருக்கிறது, ஒரு சொட்டு விழுந்தால் போதும். ரேடியேற்றர் ஹோஸும் அப்படியே.

முன்பக்கம் ரென்ஷன் றொட் புஷ், ஸ்ரியரிங் றாக் புஷ், ஸ்ரியரிங் தண்டில் இருக்கிற றப்பர் இணைப்பு. இவை போயிருந்தால் 70இல் தெரியாது. 100இல் கார் தானாக லேன் மாறும். இந்தக் கார்களுக்கு வேகத்தில் மூக்கு மேலே எழும்புகிற பழக்கமும் உண்டு, முன் பம்பருக்குக் கீழே ஏர் டாம், அதாவது காற்றை மறிக்கிற தகடு, ஒன்று போட்டால் அடங்கும். விலை பெரிதில்லை.

கடைசியாக உங்களுக்காகச் சொல்கிறேன்: பின்கதவு றப்பரும், பின் லைற்றுகளின் உள்பக்க கஸ்கெற்றும். இசட் ஓடும்போது பின்னால் காற்று இழுபட்டு, எக்ஸோஸ்ற் புகை கதவிடுக்கால் உள்ளே வரும். ஐம்பது நிமிடம் அதை மூச்சிழுத்துக்கொண்டு நேரம் பார்க்க முடியாது.

வல்லை_வெளி

ஸ்பானர் அண்ணை சொன்னதோடு பிறேக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்னுக்கு டிஸ்க், பின்னுக்கு ட்ரம். டொட் 4 என்ற தரத்துப் பிறேக் ஒயில் புதிதாக ஊற்றச் சொல்லுங்கள். அது கொதிக்கிறது 230 பாகையில், டொட் 3 என்றால் 205. வருடக்கணக்காக மாற்றாதது ஈரத்தை உறிஞ்சி 150க்குக் கிட்ட இறங்கிவிடும். நேர் றோட்டில் பிறேக் எதற்கு என்று நினைப்பீர்கள். கடைசிப் பகுதியில் மலை இடுக்கால் வளைந்து போகிற துண்டு ஒன்று இருக்கிறது, அங்கே தேவைப்படும்.

இதைப் பார்த்துவிட்டு யாரும் பரந்தன்–ஆனையிறவு நேர் றோட்டில் ஓடிப்பார்க்க வெளிக்கிடாதீர்கள். எங்களுக்கு 70 கிலோமீற்றர்தான் சட்டம், மாட்டுக்கு அதுவும் தெரியாது.

கோண்டாவில்_கேம்பிறிஜ்

மிக்க நன்றி இருவருக்கும். ஸ்பானர் அண்ணை, இன்னும் இரண்டு கேள்வி. நேரம் பார்க்கிறது எப்படிப் பழகுவது? லண்ட் கடல்மட்டத்திலிருந்து 5000 அடிக்கு மேலே என்கிறான் மச்சான், காபரேற்றர் செற்றிங் மாற்ற வேண்டுமா?

சுன்னாகம்_ஸ்பானர்

நேரம்: 110இல் ஒரு மைலுக்கு 32.7 விநாடி. பத்து மைல் 5 நிமிடம் 27. இப்படி ஒரு மட்டை எழுதி டாஷ்போட்டில் ஒட்டுங்கள். நின்ற இடத்திலிருந்து எடுப்பதால் தொடக்கத்தில் பத்து விநாடி அளவு பின்தங்குவீர்கள், அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்க வேண்டும். ஒரேயடியாகப் பிடிக்கப் போய் வகுப்புக்குரிய உச்ச வேகத்தைத் தாண்டினால் வெளியே போட்டுவிடுவார்கள். ஸ்பீடோமீற்றரை நம்ப வேண்டாம், ரயர் அளவு மாறினால் அதுவும் பொய் சொல்லும். மைல் கல்லும் ஸ்ரொப்வொச்சும்தான் உண்மை. பழக இங்கேயே வழி இருக்கிறது. ஏ9இல் கேம்பிறிஜை 60 கிலோமீற்றரில் பிடித்துக்கொண்டு போங்கள். ஒரு கிலோமீற்றர் கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குச் சரியாக 60 விநாடி. யாரையாவது ஓட்டவிட்டு நீங்கள் பக்கத்தில் இருந்து "இரண்டு முந்தி, ஒன்று பிந்தி" என்று சொல்லிப் பாருங்கள். அரை மணி நேரம் விடாமல் சொல்ல முடிந்தால் நீங்கள் தயார். இடையிலே ஒயில் பிறெஷரையும் சூட்டையும் பார்ப்பதும் உங்கள் வேலைதான், ஓட்டுகிறவன் றோட்டைத்தான் பார்ப்பான்.

ஹெல்மெற்றை இங்கிருந்து கொண்டு போகாதீர்கள். மோட்டார் சைக்கிள் ஹெல்மெற் எடுக்கமாட்டார்கள், நெருப்புத் தாங்குகிற கார் றேஸ் ஹெல்மெற்றுக்குரிய ஸ்னெல் எஸ்ஏ முத்திரை வேண்டும்.

காபரேற்றர்: உயரத்தில் காற்று மெல்லிசு, அதனால் கலவை தடிக்கும், அதாவது காற்றுக்குப் பெற்றோல் கூடிப்போகும். எஸ்யூ மாதிரியான காபரேற்றர்தான், உங்கள் கைக்குப் பழக்கம். கீழே இருக்கிற நட்டை மேலே ஏற்றினால் கலவை மெலியும். இரண்டுக்கும் ஒரே அளவு, அரைச் சுற்றுக்கு மேல் வேண்டாம். றோட் லண்டிலிருந்து ஹைக்கோவுக்கு இறங்கிக்கொண்டே போகிறது, அங்கே காற்றுத் தடிக்கும், கலவை இன்னும் மெலியும். ஐம்பது நிமிடம் மெலிந்த கலவையில் மிதித்தால் பிஸ்ரன் உருகும். றேஸுக்கு முதல் நாள் ஓடிப் பார்த்து எஞ்சினை நிறுத்தி ஆறு பிளக்கையும் கழற்றுங்கள். பால்தேத்தண்ணி நிறம் சரி. வெள்ளையாக இருந்தால் நட்டை உடனே இறக்குங்கள்.