புதுப்பிப்பு: துபாய் மாநாட்டுக்குப் போய் வந்தாச்சு

2023 காலநிலை மாநாட்டுல கடலூர்க்காரியா எதைப் பேசலாம்னு கேட்டிருந்தேன்ல? பலரும் தானே புயலைத்தான் சொன்னீங்க. பேசிட்டேன். 2011 டிசம்பர் 30 காலையில பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோட சாஞ்சு கிடந்த கதை. தீவு நாட்டுப் பொண்ணு ஒருத்தி, "மறுபடி நட்டா எத்தனை வருஷத்துல காய்க்கும்?"னு கேட்டா. நிவாரணம் கொடுத்த அதிகாரிங்ககூட அப்படிக் கேட்டிருக்க மாட்டாங்க!

முதல் நாளே இழப்பு-சேத நிதியை, அதாவது காலநிலை மாற்றத்தால பாதிக்கப்படுற ஏழை நாடுகளுக்கு உதவுற நிதியைத் தொடங்க ஒப்புதல், ஒரே கைதட்டல். எங்க கடலூர்க் கடலோரத் தேவனாம்பட்டினத்துக்கு அதுல ஒத்த ரூபா வந்து சேருமா? எனக்கு நம்பிக்கை இல்ல.

அனுமதி அட்டை பத்திக் கேட்டவங்களுக்கு: பேச்சுவார்த்தை நடக்கிற நீல மண்டலத்துக்கு ஐ.நா. அங்கீகரிச்ச அமைப்பு உங்க பேரைக் கொடுக்கணும். பச்சை மண்டலம் பொதுமக்களுக்கு.