பெங்களூர்ல வீடு கட்டறதுக்குக் காலி சைட்டைச் சுத்தம் பண்ணப் போனப்போ என்ன பார்த்தீங்க? உங்க ஏரியா பேரோட அனுபவம் சொல்லுங்க

ஹொரமாவு:
எங்க 30க்கு 40 அடி சைட் பல வருஷமா சும்மா கிடந்தது. பார்த்தீனியமும் உண்ணிச்செடியும் இடுப்பளவு. நேரா ஜேசிபியை விட்டுடலாம்னு நான் சொன்னதுக்கு மேஸ்திரி ஒத்துக்கலை. தருமபுரிக்காரர், நிதானமான மனுஷன். "முதல்ல கையால வெட்டிக்கலாம் சார். ரோட்டுப் பக்கம் ஆரம்பிச்சு பின்னாடி போவோம். உள்ள இருக்கிற ஜீவனுக்குப் போக வழி வேணும்"னார்.

பாதி வெட்டினப்போ ஒரு கல்லுக் குவியல். கடப்பாரையால நெம்பினதும் பெரிய சாரை ஒண்ணு சரசரன்னு வந்து பின்பக்கப் புதருக்குள்ள போயிடுச்சு. கம்பெடுத்த பையனை மேஸ்திரி அதட்டி நிறுத்தினார். எனக்கு அவர்மேல மரியாதை கூடினது அங்கதான். சாரைக்கு விஷம் கிடையாது, எலியைத் தின்னு நமக்கு நல்லதுதான் பண்ணுது. பாம்பை அடிக்கிறது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றமும்கூட. நல்லபாம்போ கண்ணாடி விரியனோ வந்தா ஆளுங்களைத் தள்ளி நிறுத்திட்டு, வனத்துறைக்கோ பாம்பு மீட்கிறவங்களுக்கோ போன் போடுங்க. வெட்டுற ஆளுங்களுக்கு முழங்கால் வரைக்கும் பூட்ஸ் வாங்கிக் கொடுங்க, ப்ளீஸ்.

ஆனா பெரிய விஷயம் மண்ணுக்கு அடியில இருந்தது. செடி போனதும் சைட் மட்டமா, அழகாத் தெரிஞ்சது. மேஸ்திரி நாலு மூலையிலும் ஆளுயரக் குழி எடுக்கச் சொன்னார். மூணுல நல்ல செம்மண். கிழக்கு மூலையில பூப்போட்ட டைல்ஸ் துண்டு, செங்கல், கிழிஞ்ச சிமெண்ட் சாக்கு, அதுக்கும் கீழ கருப்பா நாத்தமடிக்கிற களி. யாரோ ராத்திரியில கொட்டிட்டுப் போன இடிபாடு. பெங்களூர்ல கேட்பாரில்லாத பல சைட்டுக்கு இந்தக் கதி உண்டு. இதைப் பார்க்காம மேல ஃபூட்டிங் (அஸ்திவாரத்தோட அடிப்பாகம்) போட்டா அந்த மூலை மட்டும் இறங்கும், சுவர் சாய்வா விரிசல் விடும்.

கெட்டி மண் வர்ற வரைக்கும் தோண்டி அள்ளினோம். டிப்பர் செலவு வலிச்சது, ஆனா வேற வழியில்லை. மண் பரிசோதனை பண்ணின இஞ்சினியர் ஃபூட்டிங்கைக் கெட்டி மண்ணுலயே உட்கார வச்சார். மேல நிரப்பினதை அரையடி அரையடியாப் பரப்பி, தண்ணி விட்டு, மெஷின் வச்சு இடிச்சு இறுக்கினோம். லோடு மொத்தத்தையும் ஒரே தடவையில கொட்டி மேல தட்டினா அடியில இறுகாது.

பன்னேர்கட்டா ரோடு:
எங்க சைட் ஓரத்துல ஒரு புங்கை. நம்ம நிலத்து மரம்தானேன்னு காண்ட்ராக்டர் ரம்பத்தோட வந்துட்டார். கர்நாடகத்துல 1976 மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, சொந்த நிலமானாலும் மர அதிகாரி அனுமதி இல்லாம வெட்டக்கூடாது. எங்க வீட்டுக்காரம்மா ஆர்க்கிடெக்ட்கிட்ட பேசி கார் நிறுத்துற இடத்தை மாத்த வச்சாங்க. மரம் நிக்குது. அதைச் சுத்தி வேர் அறுந்துடக் கூடாதுன்னு அங்க மட்டும் கையாலதான் தோண்டினோம்.

ராமமூர்த்தி நகர்:
மேல சொன்ன ஹொரமாவு அண்ணனுக்கு நன்றி. ஒண்ணு சேர்த்துக்கறேன். ஜேசிபி வர்றதுக்கு முன்னாடியே சர்வேயரை வச்சு அளந்து, எல்லைக்கல்லுக்குச் சுண்ணாம்பு அடிச்சு போட்டோ எடுத்து வைங்க. எங்க பக்கத்து சைட்ல மண்ணைத் தள்ளும்போது கல்லும் சேர்ந்து போயிடுச்சு. ரெண்டு குடும்பமும் இப்ப பேசிக்கறதில்லை, காம்பவுண்டு வேலை பாதியில நிக்குது.