ஃபேஸ் டிடெக்‌ஷன்: கட்டம் வேண்டாம், பெயர்ச்சி என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

மிரர்லெஸ், அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத கேமராக்களின் ஆட்டோஃபோகஸ் (லென்ஸ் தானே குவித்துக்கொள்ளும் வசதி) தொடர்பாக இங்கே நாம் பேசிவரும் தமிழ்ச் சொற்களில், லென்ஸை எவ்வளவு நகர்த்துவது என்று அளக்கும் ஃபேஸ் டிடெக்‌ஷனுக்குக் ‘கட்டம் கண்டறிதல்’ என்று முடிவாகிவிடும் போலிருக்கிறது. அதற்குள் என் மறுப்பைச் சொல்லிவிடுகிறேன். மாற்றுச் சொல் ஒன்றும் வைத்திருக்கிறேன்.

ஒலிபெயர்த்து அப்படியே எழுதிவிட்டுப் போகலாமே என்றும் ஒரு நண்பர் கேட்டிருந்தார். பொதுவாக எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. லென்ஸ், கேமரா எல்லாம் அப்படித்தான் எழுதுகிறேன். ஆனால் இங்கே அது நடக்காது. முகத்தைக் கண்டுபிடிக்கும் ஃபேஸ் (face) டிடெக்‌ஷனும் குவியத்தை அளக்கும் ஃபேஸ் (phase) டிடெக்‌ஷனும் ஒரே கேமராவுக்குள் இருக்கின்றன. தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஓர் எழுத்துகூட வித்தியாசம் கிடையாது. புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் கேள்வி கேட்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

சரி, கருவிக்குள் நடப்பது என்ன? லென்ஸின் இடப்பாதி வழியாக வரும் ஒளியைக் கொண்டு ஒரு பிம்பம், வலப்பாதி வழியாக வரும் ஒளியைக் கொண்டு இன்னொரு பிம்பம் என்று கேமரா பிரித்துப் பார்க்கிறது. பொருள் சரியாகக் குவிந்திருந்தால் இரண்டும் ஒளியை வாங்கும் சில்லான உணரியில் ஒரே இடத்தில் விழும். குவியாதபோது இரண்டும் பக்கவாட்டில் விலகி நிற்கும். எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்று பார்த்தால், லென்ஸை முன்னால் நகர்த்துவதா பின்னால் நகர்த்துவதா என்பது தெரிந்துவிடும். எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்தால், எவ்வளவு நகர்த்துவது என்பதும் தெரிந்துவிடும். கட்டைவிரலை நீட்டிப் பிடித்து, கண்களை மாற்றி மாற்றி மூடித் திறந்தால் விரல் இடம் மாறுவது போலத் தெரியுமே, ஏறக்குறைய அதுதான்.

கண்ணாடி வைத்த பழைய எஸ்எல்ஆர்களிலும் இதே முறைதான். 1985-இல் வந்த மினோல்டா 7000 காலத்திலிருந்தே, பிரதானக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கண்ணாடி ஒளியில் ஒரு பங்கைக் கேமராவின் அடியில் உள்ள தனி உணரிக்கு அனுப்பும். அளப்பது ஓரிடம், படம் பதிவது வேறிடம். இரண்டுக்குமான தூரத்தில் மயிரிழை வித்தியாசம் வந்தாலும் ஃபோகஸ் கண்ணுக்குப் பதில் மூக்கிலோ காதிலோ போய் விழும். மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடியே இல்லாததால், படம் பதியும் உணரியே அளக்கவும் வேண்டியதாயிற்று. 2010-இல் ஃபியூஜிஃபிலிம் எஃப்300இஎக்ஸ்ஆர் என்ற சிறிய கேமராவில் இது வந்தது; மிரர்லெஸ் வகையில் 2011-இல் நிகான் 1 வரிசை, 2012-இல் சோனி நெக்ஸ்-5ஆர். உணரியில் ஆங்காங்கே சில படவணுக்களின் (பிக்சல்களின்) பாதியை மறைத்துவிடுவார்கள். சில படவணுக்கள் லென்ஸின் இடப்பக்கத்தை மட்டும் பார்க்கும், சில வலப்பக்கத்தை மட்டும் பார்க்கும். 2013-இல் கேனன் 70டி வேறு வழியில் போனது. ஒவ்வொரு படவணுவையும் ஒரே நுண்வில்லையின் கீழ் இரண்டு ஒளி டயோடுகளாகப் பிரித்தது. அளக்கும்போது இரண்டையும் தனித்தனியாகப் படிக்கும். படம் எடுக்கும்போது கூட்டிக்கொள்ளும். 70டி கண்ணாடி வைத்த கேமராதான் என்றாலும், கேனனின் இன்றைய மிரர்லெஸ்களில் இருப்பது அந்த உத்தியின் வளர்ச்சியே.

இதில் எங்கேயாவது ஒளியலையின் கட்டம் (அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பது) வருகிறதா? இல்லை. இரண்டு படவணு வரிசைகளிலிருந்து வரும் மின்குறிகைகளை (சிக்னல்களை) அலைவடிவங்கள் போல வைத்து, ஒன்றை நகர்த்தி மற்றதோடு பொருத்திப் பார்க்கிறார்கள். ஃபேஸ் என்ற பெயர் அந்த ஒப்பீட்டுக்குத்தான் பொருந்தும். பன்னிரண்டாம் வகுப்பில் கட்ட வேறுபாடு என்று படித்த மாணவருக்குக் ‘கட்டம் கண்டறிதல்’ என்றதும் ஒளியலைகளின் குறுக்கீட்டு விளைவும் யங்கின் இரட்டைப் பிளவுச் சோதனையும்தான் நினைவுக்கு வரும். ‘கட்டம்’ பாடப்புத்தகத்தோடு ஒத்துப்போகிறது என்பதை அதை முன்மொழிந்தவர்கள் சிறப்பாகச் சொன்னார்கள். இந்த இடத்தில் அதுவேதான் இடைஞ்சல். அதையே ‘அவத்தை’ என்று படித்த இலங்கை மாணவருக்கும் இதே கதிதான். போதாக்குறைக்கு, திரையில் முகத்தைச் சுற்றி வரும் சதுரத்தையும் எல்லாரும் கட்டம் என்றே சொல்கிறோம். “கட்டம் பச்சையானதும் கிளிக் பண்ணு” என்று சொல்லிக் கொடுப்பவர், அடுத்த வரியில் ‘கட்டம் கண்டறிதல்’ என்றால் கேட்பவர் எதை நினைப்பார்?

என் பரிந்துரை: பிம்பப் பெயர்ச்சி முறை. சுருக்கமாக, பெயர்ச்சிக் குவிப்பு. இடப்பெயர்ச்சி பாடத்தில் இருக்கிறது, குருப்பெயர்ச்சி வீட்டு நாள்காட்டியில் இருக்கிறது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்வது என்ற பொருளை யாருக்கும் விளக்க வேண்டாம்.

சொல் சரியா என்று பார்க்க எனக்குத் தெரிந்த சோதனை ஒன்று உண்டு. பூட்டிய கடையின் ஷட்டர் முன்னால் நின்று கேமராவைக் கிடையாகப் பிடித்து ஃபோகஸ் செய்யுங்கள். ஷட்டர் முழுக்கக் கிடைக்கோடுகள். இடவலமாகப் பிரித்துப் பார்க்கும் உணரி அங்கே தடுமாறும். சில கேமராக்களில் லென்ஸ் முன்னும் பின்னும் போய்வந்துவிட்டுக் கைவிட்டுவிடும். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினால் சட்டென்று பிடித்துக்கொள்ளும். காரணம் என்ன? நீளமான கிடைக்கோட்டைப் பக்கவாட்டில் நகர்த்தினால் அது நகர்ந்ததே தெரியாது. பெயர்ச்சி என்ற சொல்லை மட்டும் அறிந்த ஒருவர் இந்தக் காரணத்தைத் தானே யோசித்துச் சொல்லிவிட முடியும். லென்ஸின் துளையைச் சிறிதாக்கினால் அளவீடு ஏன் நலிகிறது என்பதும் அப்படியே: இடப்பாதியும் வலப்பாதியும் நெருங்கிவிடுகின்றன, பெயர்ச்சி குறைந்துவிடுகிறது. கட்டம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு இந்த இரண்டில் ஒன்றைக்கூட விளக்க முடியவில்லை. எனக்கு இதுதான் முக்கியமான வாதம்.

அப்புறம் கான்ட்ராஸ்ட் டிடெக்‌ஷன். படத்தில் வெளிச்சமும் இருளும் எவ்வளவு பளிச்சென்று பிரிகின்றன என்பதை வைத்துக் குவிக்கும் இன்னொரு முறை இது; ‘மாறுபாடு கண்டறிதல்’ என்கிறார்கள். ‘மாறுபாடு’ இருக்கட்டும், ஆனால் இங்கும் ‘கண்டறிதல்’ பொருந்தவில்லை. 2008-இல் வந்த மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற மிரர்லெஸ் வகையின் முதல் கேமராவான பானசோனிக் ஜி1-இல் இந்த முறை மட்டுமே இருந்தது. எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அதற்கு முன்கூட்டித் தெரியாது. லென்ஸை நகர்த்திப் பார்க்கும். மாறுபாடு கூடினால் அதே பக்கம் தொடரும். உச்சத்தைத் தாண்டிக் குறையத் தொடங்கிய பிறகுதான் தாண்டிவிட்டோம் என்று தெரிந்து திரும்பி வரும். ஆகவே ‘மாறுபாட்டு உச்சத் தேடல்’ என்பேன். நின்று நிதானமாக எடுக்கும் படத்துக்கு மிகத் துல்லியமான முறை இது. ஓடும் பிள்ளையைப் பிடிக்கும்போதுதான் பின்தங்கும். பானசோனிக் நிறுவனமே 2023-இல் எஸ்5 II வழியாகப் பெயர்ச்சி முறைக்கு வந்தது.

கல்யாண மண்டபத்தில் ஹோமப் புகை எழும்போது லென்ஸ் எதையும் பிடிக்க முடியாமல் போய்ப்போய் வருவதைத் தொழிலில் ‘ஹன்ட் ஆகுது’ என்கிறார்கள். அதற்கு ‘வேட்டை’ என்று ஒரு பரிந்துரை பார்த்தேன். தயவுசெய்து வேண்டாம். இருட்டில் கையால் தடவித் தேடுவதற்குத் துழாவுதல் என்ற அருமையான சொல் இருக்கிறது. ‘லென்ஸ் துழாவுது’ என்றால் மண்டபத்தில் நிற்கும் உதவியாளருக்கும் புரியும்.

கண்டறிதல் என்ற சொல்லை நான் இவ்வளவு பத்திரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. இன்றைய கேமராவில் இரண்டு வேலைகள் தனித்தனியே நடக்கின்றன. கண், முகம், பறவை, வண்டி என்று படத்துக்குள் இருப்பதை அடையாளம் காண்பது ஒன்று. இது ஏராளமான படங்களைக் கொண்டு பயிற்றுவித்த நிரலின் வேலை. 2019-இல் வந்த ஒலிம்பஸ் இ-எம்1எக்ஸ் இப்படித்தான் ரயிலையும் விமானத்தையும் தெரிந்துகொண்டது. எங்கே குவிப்பது என்று அது சொல்லும், அதோடு அதன் வேலை முடிந்தது. லென்ஸை எவ்வளவு நகர்த்துவது என்று சொல்வது பெயர்ச்சி அளவீடு. ஆங்கிலம் இரண்டையும் டிடெக்‌ஷன் என்கிறது. நாம் முதலாவதைக் கண்டறிதல் என்றும், இரண்டாவதை அளத்தல் என்றும் பிரித்துவிட்டால், கண்ணைச் சுற்றிக் கட்டம் வந்தும் படம் ஏன் மங்கலாகிறது என்ற கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்லலாம்: கண்டறிந்தது சரி, அளந்ததில் பிழை, அல்லது மோட்டார் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை.

ஆட்டோஃபோகஸுக்குத் தன்குவியம், தானியக்கக் குவியம் என்று இரண்டு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. குவியம் என்பது புள்ளியின் பெயர். குவியத்தூரம் என்னும்போது அந்தப் பொருளில்தான் வருகிறது. இங்கே பேசுவது செயலைப் பற்றி. எனவே ‘தானியங்கு குவிப்பு’. கையால் செய்வது ‘கைக்குவிப்பு’. ஒருமுறை குவித்து நிறுத்துவது ‘ஒற்றைக் குவிப்பு’, விடாமல் தொடர்வது ‘தொடர் குவிப்பு’. இவற்றில் பெரிய சிக்கல் இருக்காது என்று நினைக்கிறேன்.

மீதி இருப்பது கிராஸ் டைப். இடவலமாகவும் மேல்கீழாகவும் பெயர்ச்சியை அளக்கும் வகை அது. 2022-இல் வந்த ஓஎம்-1 கேமரா ஒவ்வொரு படவணுவையும் நான்காகப் பிரித்து இதைச் செய்தது. 2024-இல் கேனன் ஆர்1-இலும் வந்துவிட்டது. ‘குறுக்கு வகை’ என்றால் குறுக்கே மட்டும் அளப்பது என்று தலைகீழாகப் புரிந்துகொள்ள இடம் இருக்கிறது. ‘இருதிசைப் பெயர்ச்சி’ என்று எழுதிப் பார்த்தேன். இருதிசை என்பதை இடம், வலம் என்று எடுத்துக்கொள்வார்களோ என்ற தயக்கம் இருக்கிறது. இரண்டு அச்சுகள் (axis) என்ற பொருளில் ‘ஈரச்சுப் பெயர்ச்சி’ சரியாக வருமா? அச்சு என்பதை இலங்கையிலும் இதே பொருளில் பாடத்தில் சொல்கிறார்களா என்று அங்குள்ள நண்பர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.