சி டிரைவில் 6.3 ஜிபிக்கு ஹைபர்ஃபில்.சிஸ்: வைரஸா, அழிக்கலாமா?

புதுஎலி:
வணக்கம். விண்டோஸ் 11 லேப்டாப், ரேம் 16 ஜிபி, எஸ்எஸ்டி 128 ஜிபிதான். சி டிரைவ் சிவப்பாகிவிட்டதால் மறைந்திருக்கும் ஃபைல்களைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். எந்த ஃபோல்டருக்குள்ளும் இல்லாமல் வெளியிலேயே ஹைபர்ஃபில்.சிஸ் என்று ஒன்று, 6.3 ஜிபி. பக்கத்தில் பேஜ்ஃபைல்.சிஸ் 2.4 ஜிபி, ஸ்வாப்ஃபைல்.சிஸ் 16 எம்பி. முதலாவதை டிலீட் செய்தால் வேறு புரோகிராம் பயன்படுத்துகிறது என்று மறுக்கிறது. ஃபைலை ஏற்றினால் வைரஸ் உண்டா என்று சோதித்துச் சொல்லும் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பார்க்கலாமா?

சிப்செட்:
அங்கே 650 எம்பிக்கு மேல் ஏற்ற முடியாது. அதற்கு அவசியமும் இல்லை, அளவே ஆளைக் காட்டிக்கொடுக்கிறது. டாஸ்க் மேனேஜரில் உங்கள் ரேம் 15.8 ஜிபி என்று காட்டும். அதில் 40 சதவீதம் 6.3. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஹைபர்னேட் ஃபைலின் இயல்பான அளவு அதுதான்.

உறுதி செய்ய செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் போய், கூடுதல் வகைகளைக் காட்டச் சொல்லி, 'சிஸ்டம் அண்ட் ரிசர்வ்ட்' என்பதைத் திறங்கள். ஹைபர்னேஷன் ஃபைல் தனி வரியாக, அதே அளவோடு இருக்கும்.

ஹைபர்னேட் என்றால் திறந்திருக்கும் வேலையை டிஸ்கில் சேமித்துவிட்டு மெஷினை முழுதாக அணைப்பது. அப்போது ரேமில் இருப்பதைச் சுருக்கி விண்டோஸ் இதில்தான் எழுதிவைக்கிறது. அடுத்த முறை சீக்கிரம் திறப்பதற்கான 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' ஆன் என்றால் சாதாரண ஷட்டவுனிலும் கெர்னலையும் (விண்டோஸின் மையப் பகுதி) டிரைவர்களையும் இதிலேயே வைக்கிறது. இரவு ஷட்டவுன் செய்து காலையில் திறந்த பிறகும் டாஸ்க் மேனேஜரின் சிபியு பக்கத்தில் 'அப் டைம்' (விண்டோஸ் தொடர்ந்து ஓடும் நேரம்) மூன்று நான்கு நாள் காட்டினால் காரணம் இதுதான். ரீஸ்டார்ட் செய்தால்தான் அது பூஜ்யத்துக்குப் போகும்.

ஃபைலை அழிக்கப் பார்க்காதீர்கள், வசதியை அணையுங்கள். கமாண்ட் ப்ராம்ப்டை 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறந்து, பவர்சிஎஃப்ஜி /ஹெச் ஆஃப் என்று ஆங்கிலத்தில் அடியுங்கள்: பவர் என்ற சொல்லோடு சி, எஃப், ஜி ஒட்டி வரும், இடைவெளி, சாய்கோடு, ஹெச், இடைவெளி, ஆஃப். எந்தச் செய்தியும் வராமல் அடுத்த வரிக்குப் போனால் முடிந்தது. ரீஸ்டார்ட் வேண்டாம், 6.3 ஜிபி உடனே திரும்பும். அனுமதி இல்லை என்று வந்தால் அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்கவில்லை என்று பொருள்.

பேஜ்ஃபைல் மெய்நிகர் நினைவகத்துக்கானது, அதாவது ரேம் போதாதபோது டிஸ்கை ரேம்போல் பயன்படுத்துவதற்கு. ஸ்வாப்ஃபைல் ஸ்டோர் ஆப்களுக்கானது. இரண்டையும் தொட வேண்டாம். பேஜ்ஃபைலை அணைத்தால் ரேம் நிரம்பும் நேரத்தில் பிரவுசர்தான் முதலில் விழும்.

பேட்டரிசாமி:
லேப்டாப் என்பதால் ஒரு எச்சரிக்கை. சார்ஜ் அடிமட்டத்துக்கு வந்ததும் பெரும்பாலான லேப்டாப்கள் ஹைபர்னேட்டுக்குப் போகும். அதை அணைத்துவிட்டு, சேமிக்காத ஃபைலோடு மூடியை மூடி வைத்தால், ஸ்லீப்பிலேயே சார்ஜ் தீரும், வேலை போகும்.

நடுவழி உண்டு: பவர்சிஎஃப்ஜி /ஹெச் /டைப் ரெட்யூஸ்ட். ஃபைல் ரேமில் 20 சதவீதமாகக் குறையும், உங்களுக்கு 3.2 ஜிபி. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் அப்படியே இருக்கும், ஹைபர்னேட் மட்டும் இல்லாமல் போகும். ஆனால் மேலே சொன்ன ஆபத்து இதிலும் அப்படியே இருக்கிறது. 3 ஜிபிக்காக இதைச் செய்வதைவிட டவுன்லோட்ஸ் ஃபோல்டரைக் காலி செய்வது மேல் என்பேன்.

புதுஎலி:
நன்றி. ஸ்டோரேஜில் பார்த்தேன், அதே 6.3. இன்னொரு சந்தேகம்: பழைய லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்கை யுஎஸ்பி கேஸில் போட்டு மாட்டினால் அதிலும் இதே பெயரில் ஒன்று, 3 ஜிபி. இதுவும் அதுதானா?

சிப்செட்:
அதுவும் அதுதான். விண்டோஸ் 7 காலத்தில் அளவு ரேமில் 75 சதவீதம், ஆகவே அது 4 ஜிபி ரேம் மெஷின். இப்போது ஓடாத விண்டோஸின் ஃபைல் என்பதால் பூட்டு இல்லை, சாதாரணமாகவே அழியும். அந்த டிஸ்கிலிருந்து இனி பூட் செய்யப் போவதில்லை என்றால் அழித்துவிடுங்கள். யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் கட்டாயம் அழியுங்கள், கடைசியாக ஹைபர்னேட் ஆனபோது ரேமில் இருந்தது அதில் இருக்கலாம். வெறும் டிலீட் போதாது, முழு ஃபார்மேட் செய்து கொடுங்கள்.

இதே பெயர் டவுன்லோட்ஸிலோ டெம்ப் ஃபோல்டரிலோ, அதுவும் சில எம்பி அளவில் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். அசலுக்கு இடம் ஒன்றுதான், டிரைவின் வாசல், அதாவது எந்த ஃபோல்டருக்குள்ளும் இல்லாமல் வெளியிலேயே. பேஜ்ஃபைலை டி டிரைவுக்கு மாற்றலாம், இதை மாற்ற முடியாது.