வேலி முதல்லயா, பேச்சு முதல்லயா? (எருமை உட்பட)

வேலிக்காரன்:
காட்டை ஒட்டின ஊருக்கும் வனத்துறைக்கும் தகராறு வந்தா நடுவுல ஒருத்தரை உட்கார வச்சுப் பேசித் தீர்த்துக்கலாமாம். நேத்து ஒரு மேதை எழுதியிருக்கார், கைதட்ட ஒரு கூட்டம் வேற. இவங்க பேசி முடிக்கிறதுக்குள்ள காடு கட்டாந்தரை ஆயிடும். முதல்ல வேலி, அப்புறம் பேச்சு.

செங்கால்நாரை:
மேதை நான்தான், பேர் சொல்லியே திட்டலாம். வேலியை முதல்ல வச்ச இடம் ராஜஸ்தான்ல இருக்கற பரத்பூர், பறவைகளுக்குப் பேர்போன சதுப்பு. 1982-ல அங்க கேவலாதேவ் தேசியப் பூங்காவுல மேய்ச்சலுக்குத் தடை போட்டாங்க. ஊர்க்காரங்க எதிர்த்தாங்க, போலீஸ் சுட்டது, உயிர் போச்சு. எருமையும் வெளியே போச்சு. அப்புறம்? பாஸ்பாலம்ங்கற, தண்ணியில படர்ற புல் நீர்ப்பரப்பையே மூடிக்கிச்சு. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் வருஷக்கணக்கா ஆய்வு பண்ணி, அந்தப் புல்லை அடக்கி வச்சிருந்ததே எருமைதான்னு சொன்னது. பறவைக்காகத் துரத்தின எருமை அதுவரைக்கும் பறவைக்குத்தான் வேலை பார்த்திருக்கு.

வேலிக்காரன்:
ஆரம்பிச்சாச்சா எருமையை? அது வெறும் 29 சதுர கி.மீ. கரையும் மதகும் கட்டி மனுஷன் தேக்கின சதுப்பு. அதை வச்சு எல்லாக் காட்டுக்கும் பாடம் எடுக்கறீங்க. 2002-க்கு அப்புறம் சைபீரியக் கொக்கு அங்க வர்றதில்லை, அதுக்கும் எருமை இல்லாததுதான் காரணமோ?

செங்கால்நாரை:
கொக்கைப் பத்தி நான் வாயே திறக்கலை. வர்ற வழியில வேட்டையாடினாங்க, அது வேற கதை. எருமைக்குப் பதில் சொல்லுங்க.

ஊர்க்குருவி:
ஒரு சின்ன சந்தேகம். நடுவர்னு யாரைச் சொல்றீங்க? வனத்துறை அதிகாரியே உட்கார்ந்தா அவரும் ஒரு தரப்புதானே? அதை முதல்ல தெளிவு பண்ணிக்கலாமே.

செங்கால்நாரை:
அப்புறம் பார்க்கலாம். எருமை?

மலைச்சாரல்:
நடுவரே எதுக்குங்க? 2006 வன உரிமைச் சட்டம் கிராம சபைக்கு அதிகாரம் கொடுத்திருக்கு. 2013-ல ஒடிசாவுல நியமகிரி மலையில 12 கிராம சபையும் பாக்சைட் (அலுமினியத் தாது) சுரங்கம் வேண்டாம்னு தீர்மானம் போட்டாங்க. விஷயம் முடிஞ்சுது.

வேலிக்காரன்:
அது சுரங்கம், இது மேய்ச்சல். முன்னாடி இங்க நடந்த ஓநாய் விவாதத்துலயும் இப்படித்தான் நடுவுல பூந்து குழப்பினீங்க.

மலைச்சாரல்:
அந்த ஓநாய் விவாதத்துல என் பதிவைத் தூக்கச் சொல்லிப் புகார் போட்டது யாருன்னு இங்க எல்லாருக்கும் தெரியும்.

வேலிக்காரன்:
தெரிஞ்சா சொல்லுங்க. பூடகமாப் பேசுறது உங்களுக்குப் பழக்கம்.

செங்கால்நாரை:
உங்க பஞ்சாயத்தை வெளியில வச்சுக்குங்க. இன்னொரு உதாரணம் தர்றேன். மேற்கு வங்கத்துல ஆராபாரி, 1972 வாக்குல. மிட்னாபூர்ல அழிஞ்சுபோன சால் மரக் காடு. அஜித் பானர்ஜிங்கற வன அதிகாரி 11 கிராமத்துக்காரங்களோட உட்கார்ந்து பேசினார். காட்டைப் பாதுகாத்தா மரம் வெட்டி வர்ற வருமானத்துல 25 சதவீதம் ஊருக்கு. காடு திரும்ப வந்துது. 1990-ல மத்திய அரசு, ஊரும் வனத்துறையும் சேர்ந்து காட்டைப் பார்த்துக்கற கூட்டு வன மேலாண்மைக்கு வழிகாட்டுதல் வெளியிட்டதுக்கு இதுவும் ஒரு முன்மாதிரி.

வேலிக்காரன்:
அடடா! அதிகாரியும் ஊரும் நேருக்கு நேர் பேசியிருக்காங்க. உங்க நடுவர் அங்க எங்க சார்?

செங்கால்நாரை:
பேச்சு நடந்துதா இல்லையா? பரத்பூர்ல நடக்கலை. பேசியிருந்தா எருமை உள்ளேயே இருந்திருக்கும்.

வேலிக்காரன்:
பரத்பூர் பிரச்சினை தண்ணி சார், தண்ணி. பாஞ்சனா அணையிலேர்ந்து பூங்காவுக்கு வரவேண்டிய தண்ணி வராம சதுப்பு காய்ஞ்ச வருஷங்கள் உண்டு. எருமை வந்து மதகைத் திறந்துவிடுமா?

செங்கால்நாரை:
அணைத் தண்ணித் தகராறு 2000-க்கு அப்புறம். புல் மூடினது எண்பதுகள்ல. வருஷக்கணக்கு தெரியாதவங்களோட எருமையைப் பத்திப் பேசறது என் தலையெழுத்து. அந்தப் புல்லை அறுக்க அப்புறம் ஊர்க்காரங்களையே உள்ளே விட்டாங்க, அதையும் படிங்க. எருமை செஞ்சதை மனுஷன் அரிவாளோட செஞ்சான்.

ஊர்க்குருவி:
அப்போ நடுவர் யாருன்னு...

செங்கால்நாரை:
குருவி, கொஞ்சம் இருங்க. வேலிக்காரரே, எருமை?

வேலிக்காரன்:
ராத்திரி வர்றேன். பாஸ்பாலம் நீர் குறைஞ்சா எப்படிப் பரவும்னு பத்து பதிவு எழுதறேன், படிச்சுட்டு அழுங்க.

மலைச்சாரல்:
எழுதிட்டுப் புகார் பொத்தானை அமுக்காம இருந்தா சரி.