மெயில் வருதில்ல, ஆனா என்ட பேர்ல மெயில் போகுது. பாஸ்வேர்ட் மாத்தியும் நிக்குதில்ல

மருதமுனைத் தறி:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் எல்லாருக்கும்.

எங்கட வீட்டுல ரெண்டு தறி ஓடுது. வாப்பா நெய்றார், உம்மா நூல் சுத்துறா, ஓடர் எடுக்குறதும் கணக்குப் பார்க்குறதும் நான். கொழும்புல ஒரு கடைக்கு மூணு வருஷமா சாறனும் மேசைவிரிப்பும் குடுக்குறம். ஓடர், பில், காசு போட்ட ரிசீட் எல்லாம் ஜிமெயில்லதான்.

மூணு கிழமைக்கு மேல அந்தக் கடையில இருந்து ஒரு மெயிலும் இல்ல. மத்த ஆக்கள்ட மெயில் எல்லாம் ஒழுங்கா வருது. சீசன் இல்லாத காலம், அதான் ஓடர் இல்ல எண்டு நெனச்சி இருந்துட்டன். நேத்து அந்தக் கடை மெனேஜர் கோல் எடுத்தார். "பேங்க் கணக்கு மாத்தினதா மெயில் போட்டிருக்கீங்க, இனி புதுக் கணக்குக்கா காசு போடுற?" எண்டு கேட்டார். எனக்குக் கை நடுங்கிட்டு. நான் அப்பிடி ஒரு மெயிலும் போடல்ல. அவர் வாயால கேட்டதாலதான் ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபா தப்பிச்சிது. ரெண்டு மாச உழைப்பு அது.

சென்ட் பெட்டியில பார்த்தன், அப்பிடி ஒண்டும் இல்ல. ஸ்பேமிலயும் இல்ல. உடனே பாஸ்வேர்ட் மாத்தினன். இண்டைக்குக் காலையில அவர் சோதிக்க ஒரு மெயில் போட்டார், அதுவும் வரல்ல. பாஸ்வேர்ட் மாத்தின பிறகும் ஏன் இப்பிடி? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க.

ஆரையம்பதியான்:

முதல்ல ஸ்டோரேஜைப் பாருங்க. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூண்டுக்கும் சேர்த்துத்தான் 15 ஜீபி. நிரம்பினா புது மெயில் உள்ளுக்கு வராது, அனுப்பின ஆளுக்கே திரும்பிப் போகும். என்ட போன் மகள்ட நடன வீடியோ எல்லாத்தையும் தானா ஏத்தி நிரப்பி வைச்சிருந்திச்சு. தேடுற இடத்தில இங்கிலீசில லார்ஜர், முக்காற்புள்ளி, 10எம் எண்டு இடைவெளி விடாம அடிச்சா 10 எம்பிக்கு மேல உள்ள மெயில் மட்டும் வரும். அதுகளை அழிச்சு, டிராஷையும் காலி பண்ணுங்க.

மருதமுனைத் தறி:

பார்த்தன் நானா, 15ல 6 ஜீபிதான் போயிரிக்கி. ஆனா நீங்க "நிரம்பினா" எண்டு சொன்ன உடனே எனக்கு ஒண்டு ஞாபகம் வந்திச்சி. போன மாசம் ஒரு மெயில் வந்தது. "உங்கள் அஞ்சல் பெட்டி நிரம்பிவிட்டது, 24 மணித்தியாலத்தில் உறுதிப்படுத்தாவிட்டால் மூடப்படும்" எண்டு இங்கிலீசில. நான் சாயத் தொட்டிக்குப் பக்கத்துல நிண்ட நேரம். அவசரத்துல அதுல இருந்த லிங்கை அமத்தி, வந்த பக்கத்துல மெயிலையும் பாஸ்வேர்டையும் குடுத்தன். அதுக்குப் பிறகு அந்தப் பக்கம் வெள்ளையா நிண்டுட்டு. நெட்வேர்க் பிரச்சினை எண்டு விட்டுட்டன். அதானா?

களுவாஞ்சிகுடிக் கடைக்காரன்:

தம்பி, அதேதான். டிராஷைக் காலி பண்ணாதீங்க. ஆரையம்பதி அண்ணன் நல்ல மனசோட சொன்னவர், ஆனா உங்கட விஷயத்தில டிராஷுக்குள்ளதான் உங்கட மெயில் எல்லாம் கிடக்கும் எண்டு நினைக்கிறன். டிராஷில 30 நாள்தான் நிக்கும், பிறகு தானா அழிஞ்சிடும். உங்களுக்கு இப்ப மூண்டு கிழமைக்கு மேல. அதால இண்டைக்கே பாருங்க, நாளைக்கு எண்டு வைக்காதீங்க.

நடந்தது இதுதான். உள்ளுக்கு வந்தவன் உங்கட ஓடர் மெயில்களை இருந்து வாசிச்சிருப்பான். யார் காசு போடுறது, எப்ப போடுறது எண்டு பார்த்து, அந்த ஒரு கடைக்கு மட்டும் ஃபில்டர் ஒண்டு போட்டிருப்பான். அவங்கட முகவரியில இருந்து என்ன வந்தாலும் நேர டிராஷுக்குப் போகும். நீங்க ஒண்டையும் காண மாட்டீங்க. உங்கட பேர்ல எழுதினதையும் சென்ட்ல இருந்து அழிச்சிருப்பான். பாஸ்வேர்டை மாத்தினா அவன் வெளிய போவான், ஆனா அவன் போட்ட ஃபில்டர் போகாது. அது செட்டிங், பாஸ்வேர்டோட சம்பந்தமில்ல. அதாலதான் இண்டைக்கும் வரல்ல.

ஃபில்டரை போன் செயலிக்குள்ள பார்க்க ஏலாது. கொம்பியூட்டரில, அதுவும் உங்கட வீட்டுல உள்ளதிலயோ நம்பிக்கையான ஆள்ட லெப்டொப்பிலயோ ஜிமெயிலைத் திறங்க. மேல வலப்பக்கம் பல்சக்கரம், அதில "சீ ஓல் செட்டிங்ஸ்". பிறகு "ஃபில்டர்ஸ் அண்ட் புளொக்ட் அட்ரஸஸ்" எண்ட பகுதி. நீங்க போடாத ஃபில்டர் எது இருந்தாலும் முதல்ல ஒரு போட்டோ எடுத்து வைச்சிட்டு அழியுங்க. அடுத்தது "ஃபோவர்டிங்" பகுதி, உங்கட மெயில் வேற முகவரிக்குப் பிரதி போகுதா எண்டு. மூண்டாவது "அக்கவுண்ட்ஸ் அண்ட் இம்போர்ட்". இதைத்தான் கனபேர் பார்க்கிறதில்ல. அதில "சென்ட் மெயில் அஸ்" எண்ட இடத்தில உங்கட முகவரிக்குக் கீழ ரிப்ளை-டு எண்டு வேற முகவரி நிக்குதா பாருங்க. உங்கட முகவரி மாதிரியே இருக்கும், ஒரு எழுத்து மட்டும் வித்தியாசம். அப்பிடி இருந்தா நீங்க உண்மையா எழுதுற மெயிலுக்கு வாற பதிலும் அவனுக்குத்தான் போகும். அதே பகுதியில உங்கட பெட்டியைத் திறக்க வேற ஆளுக்கு அனுமதி குடுத்திருக்கா எண்டும் பாருங்க.

இதெல்லாம் முடிஞ்ச பிறகு கூகிள் அக்கவுண்டில செக்கியூரிட்டி பக்கம். என்னென்ன போன், கொம்பியூட்டரில உங்கட கணக்குத் திறந்து கிடக்கு எண்டு காட்டும். தெரியாததை எல்லாம் வெளியேத்துங்க. அனுமதி வாங்கின வேற செயலிகளையும் பாருங்க. பிறகு பாஸ்வேர்டை இன்னொருக்கா மாத்துங்க. பழைய பாஸ்வேர்டைத்தான் ஃபேஸ்புக்குக்கும் போட்டிருந்தா அங்கயும் மாத்த வேணும்.

எல்லாத்திலயும் முக்கியம் ரிகவரி நம்பர், பாஸ்வேர்ட் மறந்தா கூகிள் கோட் அனுப்புற போன் நம்பர். இதை நான் மனசுப் பாரத்தோட சொல்லுறன். நான் 2011ல இருந்து கொமினிகேஷன் கடை வைச்சிருக்கன். அந்தக் காலம் வெளிநாட்டு வேலைக்குப் போறாக்கள், பரீட்சைக்கு விண்ணப்பிக்கிற புள்ளைகள், ஆரிட்டயும் மெயில் இல்ல. நான்தான் துறந்து குடுப்பன். கோட் வாறதுக்கு அவங்களிட்ட போன் இல்லாட்டி கடை நம்பரைப் போடுவன். உதவி எண்டுதான் செஞ்சன். பிறகு அந்த சிம் பழுதாகி நம்பர் போயிட்டு. வருஷக்கணக்கில ஆக்கள் வந்தாங்க. படுவான்கரைப் பக்கமிருந்து ஓடம் ஏறி வந்த ஒரு அம்மா, மகன் கட்டாரில இருந்து அனுப்பின பத்திரம் எல்லாம் அந்த மெயிலுக்குள்ள. பாஸ்வேர்ட் மறந்திட்டா. கோட் போறது இல்லாத நம்பருக்கு. என்னால திறந்து குடுக்க ஏலாமப் போயிட்டு. அவ என்னை ஒரு வார்த்தையும் ஏசல்ல. அதுக்குப் பிறகு நான் ஆருக்கும் கடை நம்பர் போட்டதில்ல, ஆள்ட போன் கையில இருந்தாத்தான் மெயில் துறப்பன்.

அதால உங்கட ரிகவரி நம்பர் இப்ப உங்கட கையில இருக்கிற சிம்தானா எண்டு பாருங்க. உள்ள வந்தவன் தன்ட நம்பரைப் போட்டிருக்கானா எண்டும் பாருங்க.

மருதமுனைத் தறி:

நானா, அல்லாஹ் உங்களுக்கு நன்மையைத் தரட்டும். மச்சான்ட லெப்டொப்பில பார்த்தன். நீங்க சொன்ன மாதிரியே ஃபில்டர் இருந்திச்சி. கடையிட முகவரி, நேரா டிராஷ். ரிப்ளை-டு இடத்துல என்ட முகவரி மாதிரியே ஒண்டு, "எம்" எழுத்து ஒண்டுக்குப் பதிலா "ஆர்" "என்" எண்டு ரெண்டு எழுத்து. நாலு தரம் பார்த்த பிறகுதான் கண்டன். மச்சான் சொன்னதாலதான் தெரிஞ்சிது.

டிராஷில 11 மெயில். ஆகப் பழையது 26 நாள். இன்னும் நாலு நாள் போயிருந்தா அதுவும் இல்ல. அதுக்குள்ள 40 சாறனுக்கு ஓடர் ஒண்டு, "பதில் வரல்லயே, சுகமில்லயா?" எண்டு கேட்டு ரெண்டு மெயில். அதை வாசிக்கக் கண் கலங்கிட்டு. நான் அலட்சியமா இருக்கிறன் எண்டு அவர் நெனச்சிருப்பார்.

ரிகவரி நம்பர் வாப்பா சவூதியால வந்த நேரம் எடுத்த சிம். அது வெட்டுப்பட்டு எத்தனையோ காலம். மாத்திட்டன். ரெண்டு அடுக்குப் பாதுகாப்பு, அதாவது பாஸ்வேர்டோட ஒரு கோட்டும், போடச் சொல்லிக் கேட்குது. எஸ்எம்எஸ் போதுமா?

அரசடி அக்கா:

தம்பி, நான் பேங்கில வேலை செஞ்சு ஓய்வு பெற்றனான், மெயில் பக்கம் எனக்குப் பெரிசாத் தெரியாது. காசு பக்கம் மட்டும் சொல்லுறன். அந்தப் புதுக் கணக்கு இலக்கத்தை மெனேஜரிட்ட வாங்குங்க. அந்தக் கணக்கு எந்த வங்கியோ அந்த வங்கிக்கும், பொலிசுக்கும் அறிவியுங்க. உங்கட காசு போகாட்டியும் வேற ஒராள்ட காசு அந்தக் கணக்குக்குப் போயிருக்கலாம். 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இதுக்கெண்டே இருக்கு. ஃபில்டர் போட்டோ, அந்தப் பொய் மெயில் எல்லாத்தையும் அச்சடிச்சுக் கொண்டு போங்க.

அதோட உங்களிட்ட வாங்குற எல்லாருக்கும் கோல் எடுத்துச் சொல்லுங்க, மெயில் போடாதீங்க. கணக்கு இலக்கம் மாறினா வாயால கேட்டு உறுதிப்படுத்தாம காசு போட வேணாம் எண்டு. காசு போயிட்டா திருப்பி எடுக்கிறது எவ்வளவு கஷ்டம் எண்டு கவுண்டரில நிண்டு பார்த்தவள் நான்.

களுவாஞ்சிகுடிக் கடைக்காரன்:

அக்கா சொன்னது சரி, அதை முதல் செய்யுங்க.

எஸ்எம்எஸ் ஒண்டும் இல்லாததை விட நல்லம். ஆனா சிம் போனா கோட்டும் வராது, உங்கட பழைய சிம் வெட்டுப்பட்டுக் கிடந்ததை நீங்களே இப்ப பார்த்திட்டீங்க. ஒதென்டிகேட்டர் செயலியைப் போடுங்க, சிக்னல் இல்லாத இடத்திலயும் அது இலக்கம் காட்டும். அதோட "பெக்அப் கோட்ஸ்" எண்டு 10 இலக்கம் தரும், ஒவ்வொண்டும் எட்டு எண், ஒவ்வொண்டும் ஒருக்காத்தான் வேலை செய்யும். போன் விழுந்து உடைஞ்சாலும் அதால உள்ளுக்குப் போகலாம். அதைப் போனில போட்டோவா வைச்சா போனோட போயிடும். கடதாசியில எழுதி, பொலித்தீன்ல சுத்தி, காணி உறுதியோட வையுங்க. சுனாமியில உறுதியும் பிறப்புப் பத்திரமும் தண்ணியோட போன ஊர்க்காரர் நாங்க, மாரி வெள்ளம் வீட்டுக்குள்ள வாறதும் உங்களுக்குத் தெரியும். மச்சான் வீட்டுலயும் ஒரு பிரதி இருக்கட்டும்.

இன்னொண்டு. இதை வாசிக்கிற ஆருக்காவது கணக்கு முழுசாப் பூட்டுப்பட்டிருந்தா, தூரத்தில இருந்து என்ட கடைக்கு வராதீங்க. நீங்க வழமையா மெயில் பார்க்கிற அதே போனில, வழமையா இருக்கிற வீட்டுல இருந்தே ரிகவரி செஞ்சு பாருங்க. கூகிள் அந்தப் போனையும் அந்த இடத்தையும் அடையாளம் காணும். என்ட கடைக் கொம்பியூட்டர் அதுக்கு முன்பின் தெரியாத ஆள். ரிகவரி நம்பரை வேற ஆள் மாத்தியிருந்தாலும் ஏழு நாள் வரைக்கும் பழைய நம்பருக்குக் கோட் கேட்க வாய்ப்பிருக்கு, அதால நாள் கடத்தாதீங்க. காசு தந்தா திறந்து தாறம் எண்டு வாறவனுக்கு ஒரு சதமும் குடுக்காதீங்க.

மருதமுனைத் தறி:

செய்தன். பொலிசுக்கு நாளைக்குக் காலையில போறம், மச்சானும் வாறார். மெனேஜருக்குக் கோல் எடுத்து நடந்ததைச் சொன்னன். வாப்பாவும் கதைச்சார். அந்த 40 சாறனுக்கு இன்னும் ரெண்டு கிழமை தாறன் எண்டு சொல்லிட்டார். உம்மா இப்பவே நூல் சுத்தத் தொடங்கிட்டா.