கறுப்பினக் கலைஞர்களுக்குத் தனி ஓவியச் சந்தை எதற்கு?

கரிக்கோடு:
அக்டோபர் வந்தால் லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க்கில் ஃப்ரீஸ் கலைச் சந்தைக்குப் பெரிய கூடாரம் எழும்பும். அதே வாரம் தேம்ஸ் கரையில் சாமர்செட் ஹவுஸில் 1-54 என்று இன்னொரு சந்தை. ஒரு கண்டம், 54 நாடுகள் என்பதுதான் பெயருக்குக் கணக்கு. 2013இல் மொராக்கோக்காரரான தூரியா எல் கிளாவி தொடங்கியது. ஆப்பிரிக்கக் கலைஞர்களும் அந்த வம்சாவளியில் வந்தவர்களும் மட்டும்தான். நியூயார்க்கிலும் மராகேஷிலும்கூட நடத்தியிருக்கிறார்கள்.

எனக்கு இது உறுத்துகிறது. நல்ல ஓவியம் என்றால் பெரிய சந்தையில் தொங்கட்டுமே? "அவங்களுக்குத்தான் தனியா ஒண்ணு இருக்கே" என்று பெரிய கேலரிக்காரர்கள் கைகழுவிக்கொள்ள இது வசதியான ஏற்பாடு. நான் புதிதாகச் சொல்லவில்லை. 1920களின் கடைசியிலிருந்து ஹார்மன் அறக்கட்டளை அமெரிக்காவில் கறுப்பின ஓவியர்களுக்கென்றே கண்காட்சி நடத்தியது. ரோமாரே பியர்டன் என்ற இளம் கறுப்பின ஓவியர் 1934இல் அதை வாங்கு வாங்கென்று வாங்கி எழுதினார். தொழில் கைக்கு வருவதற்கு முன்பே மேடையேற்றிக் கெடுக்கிறார்கள் என்பது அவர் புகார்.

தேம்ஸ்வாசி:
பியர்டன் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்களே அண்ணே. 1969இல் அதே பியர்டன், நார்மன் லூயிஸ், எர்னஸ்ட் கிரிச்லோ என்ற இரண்டு ஓவியர்களையும் சேர்த்துக்கொண்டு நியூயார்க்கில் சின்க்கே கேலரியைத் தொடங்கினார். யாருக்காக? வேறு எங்கும் சுவர் கிடைக்காத இளம் கறுப்பின ஓவியர்களுக்காக. இருபதுகளின் தொடக்கத்தில் தனி மேடை வேண்டாம் என்று எழுதியவர் ஐம்பதுகளின் கடைசியில் தானே ஒன்று போட்டிருக்கிறார். நடுவில் என்ன பார்த்திருப்பார்?

ஒன்று மட்டும் சொல்கிறேன். அதே 1969இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம், அந்த ஊரில் கறுப்பினத்தவர் வாழும் ஹார்லெம் பகுதியைப் பற்றிப் பெரிய கண்காட்சி வைத்தது. சுவர் முழுக்கப் புகைப்படம், ஒலிபெருக்கி, எழுத்து. ஹார்லெம் ஓவியர் ஒருவரின் ஓவியம்கூட இல்லை, சிற்பமும் இல்லை. ஓவியர்கள் வாசலில் அட்டை பிடித்து நின்றார்கள்.

அது பழங்கதை என்பீர்கள். சரி. சார்லட் பர்ன்ஸ், ஜூலியா ஹால்பெரின் என்ற இரண்டு பத்திரிகையாளர்கள் 31 அமெரிக்க அருங்காட்சியகங்களின் கணக்கைப் புரட்டினார்கள். 2008 முதல் 2020 வரை சேர்த்த படைப்புகளில் அமெரிக்கக் கறுப்பினத்தவருடையது 2.2 சதவீதம்தான். "பெரிய சந்தையில் தொங்கட்டும்" என்று சொல்வது சுலபம். ஆணி யார் அடிப்பது?

கணக்குப்பிள்ளை:
இரண்டு பேரும் சுவரைப் பற்றியே பேசுகிறீர்கள். கல்லாப்பெட்டியைப் பாருங்கள்.

கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல் வரைந்த பெரிய படம் ஒன்று. ஏரிக்கரையில் கறுப்பினக் குடும்பம் ஒன்று வெள்ளை உடையில் விடுமுறையைக் கழிக்கிறது: கிராக்கே ஆட்டம், கோல்ஃப், பின்னால் படகு. 1997இல் சிகாகோவின் பொது அமைப்பு ஒன்று 25 ஆயிரம் டாலருக்கு வாங்கியது. 2018இல் நியூயார்க் ஏலத்தில் 2 கோடியே 11 லட்சம் டாலருக்கு விற்றது. மறுவிற்பனையில் ஓவியருக்குப் பங்கு தரும் சட்டம் அமெரிக்க மத்திய அரசில் இல்லை. இவ்வளவு லாபத்தில் வரைந்த கைக்குச் சட்டப்படி ஒரு செப்புக்காசு பாத்தியதை கிடையாது.

இன்னொன்று கானாவின் அமோவாகோ போவாஃபோ. முகத்தையும் தோலையும் தூரிகை இல்லாமல் விரலாலேயே இழுத்து வரைவார். அவருடைய மஞ்சள் நீச்சலுடைப் படத்துக்கு 2020 பிப்ரவரியில் லண்டன் ஏலக்காரர்கள் போட்ட மதிப்பு 30 முதல் 50 ஆயிரம் பவுண்டு. போன விலை 6 லட்சத்து 75 ஆயிரம். பிரிட்டனில் 2006 முதல் மறுவிற்பனைப் பங்குச் சட்டம் இருக்கிறது, ஆனால் படம் எத்தனை கோடிக்குப் போனாலும் ஒரு விற்பனைக்கு 12,500 பவுண்டுதான் உச்சவரம்பு. தனிச் சந்தை, பொதுச் சந்தை, எதில் விற்றால் என்ன? முதல் விற்பனையோடு ஓவியருக்கும் படத்துக்கும் பணத் தொடர்பு கிட்டத்தட்ட முடிந்தது.

கரிக்கோடு:
சின்க்கே விஷயம் எனக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது லாபம் பார்க்காத இடம், பிள்ளைகளை வளர்த்துவிடுவதற்கு வைத்தது. சந்தை அப்படியில்லை. ஸ்டால் வாடகை கட்டி வருபவன் விற்றே ஆக வேண்டும். எது விற்கும்? முகம். கறுப்பின ஓவியர் என்றால் கறுப்பு முகம் வரைந்திருக்க வேண்டும் என்று வாங்குகிறவர் எதிர்பார்த்து வருகிறார்.

ஆல்மா தாமஸை எடுத்துக்கொள்ளுங்கள். வாஷிங்டனில் 35 வருடம் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்த டீச்சர். வண்ணத்தைச் சின்னச் சின்னத் திட்டாக வட்டம் வட்டமாக அடுக்கியவர், முகம் என்று ஒன்றைத் தேட முடியாது. 1972இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் தனிக் கண்காட்சி வைத்தபோது வயது 80. அங்கே அந்த வாய்ப்புப் பெற்ற முதல் கறுப்பினப் பெண். இன்றைக்கு ஒரு இளம்பெண் அதுபோல வரைந்து இந்தச் சந்தைக்குக் கொண்டுவந்தால் "இதில் ஆப்பிரிக்கா எங்கே?" என்று கேட்க மாட்டார்களா?

மண்பானை:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். 54 நாடு என்றால் எகிப்து, துனிசியா எல்லாம் உண்டு. 1-54ஐக் கறுப்பினச் சந்தை என்று தலைப்பில் போட்டதே முழுக்கச் சரியில்லை. மற்றபடி முகம் பற்றிச் சொன்னதில் பாதி நியாயம்.

தேம்ஸ்வாசி:
மீதிப் பாதியை நான் சொல்கிறேன். எல் அனட்சுய் என்ற ஆப்பிரிக்கச் சிற்பி என்ன முகமா செய்கிறார்? சாராய பாட்டில் மூடிகளைத் தட்டித் தட்டையாக்கி, செம்புக் கம்பியால் கோத்து, கூரை உயரத்துக்குத் துணிபோலத் தொங்கவிடுகிறார். அதைப் பார்த்து யாரும் "ஆப்பிரிக்கா எங்கே" என்று கேட்டதில்லை. அந்த மூடிகளுக்குள் அட்லாண்டிக் கடலில் போன சாராயமும் அடிமை வியாபாரமும் இருக்கிறது.

அண்ணே, ஒன்று கேட்கலாமா? 1-54க்குள் நீங்கள் போயிருக்கிறீர்களா? 2016இல் அதே சாமர்செட் ஹவுஸ் முற்றத்தில் ஜாக் ஓவே என்ற கலைஞரின் 40 சிலைகள் நின்றன. ஆள் உயரத்துக்கும் மேலே, இரண்டு மீட்டர், பென்சில் கரி நிறம், வரிசை வரிசையாக, எல்லாம் இரண்டு கையையும் உயர்த்தியபடி. சின்ன வயதில் அப்பா கொடுத்த மரப்பொம்மைதான் மாதிரி. 1605இல் இங்கிலாந்து அரசியும் தோழிகளும் முகத்தில் கறுப்புப் பூசிக்கொண்டு ஆடிய அரண்மனை நாடகத்தின் பெயரையும் அந்தச் சிலைகளின் தலைப்பில் சேர்த்தார். அந்த அரசியின் மாளிகை இருந்ததும் இதே சாமர்செட் ஹவுஸ் இடத்தில்தான். ஃப்ரீஸ் கூடாரத்தில் வைத்திருந்தால் அந்தக் குத்து விழுந்திருக்காது.

கரிக்கோடு:
உள்ளே போனதில்லை. டிக்கெட் விலையைப் பார்த்துத் திரும்பிவிட்டேன்.

ஆனால் அந்தச் சிலைகளைத் தெரியும். அப்போது எனக்கு அந்தப் பக்கம்தான் வேலை. முற்றத்துக்கு டிக்கெட் கிடையாது என்பதால் மூன்று நாள் மத்தியானம் அவற்றின் நடுவே உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டேன். மூன்றாம் நாள் கிளம்பும்போது ஒரு சிலைபோலக் கையை உயர்த்திப் பார்த்தேன், ஏனென்று தெரியாது. அது இந்தச் சந்தையோடு வந்தது என்று இப்போதுதான் தெரிகிறது.

கணக்குப்பிள்ளை:
அப்போ ஓசியில் பார்த்துவிட்டுத்தான் இத்தனை வாதமா!